ஓடு கழற்றும் வேளை

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு நண்டு என்றதும் கடல் நினைவுக்கு வருவதில்லை. பவானிக் கரையின் கற்களுக்கு அடியிலும், வயல் வரப்பின் வளையிலும், மலையிலிருந்து இறங்கும் கல்லாற்று ஓடையிலும் இருப்பதுதான் இங்கே நண்டு. சளி பிடித்தால் இடித்து ரசம் வைப்பதும் அதைத்தான். இதே வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பட்டுப்புழுவியல் துறை இங்குள்ள வனக்கல்லூரி வளாகத்தில் இயங்குகிறது. பக்கத்துச் சிறுமுகையில் பட்டுச் சேலை நெய்கிறார்கள்.

வரப்பு நண்டும் தட்டில் நெளியும் பட்டுப்புழுவும் ஒரே பெருங்குடும்பம். இரண்டும் கணுக்காலிகள். தும்பி, வண்டு, எறும்பு, தேள், பூரான், இறால் எல்லாம் இதில் அடக்கம். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட விலங்கு இனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தக் கூட்டம்தான். இவை எதற்கும் உடலுக்குள் எலும்பு கிடையாது. உடலைத் தாங்குவது வெளியே இருக்கும் ஓடு. பாடநூல்களில் அதற்குப் புறச்சட்டகம் என்று பெயர். தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்களாக ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. அது புலன்களை எண்ணிச் செய்த வகைப்பாடு. எறும்பையும் கறையானையும் மூன்றறிவில் வைப்பதால் இன்றைய விலங்கியலோடு முழுக்கப் பொருந்தாது. ஆனாலும் நீரில் திரிவதையும் காற்றில் பறப்பதையும் சேர்த்துப் பார்த்த கண் சாதாரணக் கண் அல்ல.

ஓட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உறுதியை வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. ஓடு எவ்வளவு உறுதியோ அவ்வளவு இடைஞ்சலும் கூட. அதைக் கழற்றிவிட்டு அடுத்தது இறுகும்வரை காத்திருக்கும் நேரம்தான் இந்த உயிர்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. விவசாயி, பட்டு வளர்ப்பவர், நண்டு வியாபாரி, பூச்சிமருந்து செய்கிறவர் என்று இவற்றோடு தொடர்புள்ள எல்லோருடைய பிழைப்பும் அந்த நேரத்தோடு பிணைந்திருக்கிறது.

முதலில் ஓடு எதனால் ஆனது என்று பார்ப்போம். அடிப்படைப் பொருள் கைட்டின் என்னும் நார். 1811-இல் பிரான்சின் ஆன்றி பிராக்கோனோ இதைக் காளானில்தான் முதலில் கண்டார். 1823-இல் ஒதியே என்பவர் வண்டின் மேல்சிறகில் அதே பொருளைக் கண்டு இந்தப் பெயரை வைத்தார். கைட்டின் நார் தனியாக இருந்தால் வளைந்துகொடுக்கும். அதனோடு புரதம் சேர்ந்து, புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும்போதுதான் வண்டின் முதுகு போலப் பழுப்பேறிக் கெட்டியாகிறது. நண்டு இன்னொரு படி மேலே போய், நார்களுக்கு இடையே சுண்ணாம்பை, அதாவது கால்சியம் கார்பனேட்டை, நிரப்பிக்கொள்கிறது. எறும்பு போன்ற சில பூச்சிகளின் தாடை விளிம்பில் துத்தநாகம்கூட ஏறியிருக்கும். இலையையும் மரத்தையும் அறுக்க வெறும் கைட்டின் போதாது.

நார்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமும் முக்கியம். ஓர் அடுக்கில் நார்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். அடுத்த அடுக்கு சற்றே திரும்பியிருக்கும், அதற்கடுத்தது இன்னும் சற்று. இப்படித் திரும்பித் திரும்பி ஏறும் அமைப்பைப் பிரெஞ்சு உயிரியலாளர் ஈவ் பூலிகான் 1972-இல் விளக்கினார். ஓர் அடுக்கில் விரிசல் விழுந்தால் அது நேராக உள்ளே இறங்க முடியாது. ஒவ்வோர் அடுக்கிலும் திசை மாறி, வேகம் இழந்து, பாதியில் நின்றுபோகும். நண்டு ஓட்டை அம்மியில் வைத்து இடிக்கும்போது ஒரே அடியில் பிளக்காமல் நொறுங்கி நொறுங்கி உடைவதற்குக் காரணம் இதுவே.

பாதுகாப்பைவிடத் தாங்கும் வேலைதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் உடலில் எலும்பு உள்ளே, தசை வெளியே. நண்டில் தசை குழாய்க்குள்ளே இருந்து சுவரைப் பிடித்து இழுக்கிறது. நண்டுக் கொடுக்கை உடைத்துச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: சதைக்கு நடுவே ஓலைத் துண்டு போல மெல்லிய தகடு ஒன்று இருக்கும். குழந்தைகள் அதைப் பிடித்து இழுத்துக் கொடுக்கு திறந்து மூடுவதை வேடிக்கை பார்ப்பார்கள். அது எலும்பு அல்ல. ஓடே உள்பக்கமாக மடிந்து வளர்ந்து, தசை பற்றிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. கொடுக்கின் பிடி அவ்வளவு பலமாக இருப்பது, தசைநார்கள் அந்தத் தகட்டின் இரு பக்கமும் சாய்வாக நெருக்கமாக ஒட்டியிருப்பதால்.

கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். ஒரே அளவு பொருளைக் கெட்டிக் கம்பியாக வார்ப்பதைவிடக் குழாயாக வைத்தால் வளைக்க அதிக விசை வேண்டும். நம் மலையடிவாரத்து மூங்கில் காற்றில் சாய்ந்தும் முறியாமல் நிற்பது இதே கணக்கில்தான். குழாய்க்கு ஒரு சிக்கல் உண்டு, வளைய வேண்டிய இடத்தில் வளையாது. அதற்காகக் கணுவுக்குக் கணு சுண்ணாம்பு ஏறாத மெல்லிய சவ்வு இருக்கிறது. நண்டுக் காலின் ஒவ்வொரு கணுவும் கதவுக் கீல் போல ஒரே தளத்தில்தான் அசையும். முக்கியக் கணுக்கள் பக்கவாட்டில் மடிவதால் பக்கவாட்டில் ஓடுவதே அதற்குச் சுலபம்.

பூச்சிகளின் ஓட்டில் இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறது. வெட்டுக்கிளியின் சிறகு பொருந்தும் இடத்தில் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த டோர்க்கில் வைஸ்ஃபோ 1960-இல் கண்டார். இழுத்து விட்டால், சேர்த்து வைத்த ஆற்றலை ஏறக்குறைய முழுவதும் அது திருப்பித் தந்துவிடும். தெள்ளுப்பூச்சி குதிப்பதும் இதே புரதத்தின் பலத்தில்தான். ஆக ஒரே ஓட்டில் கெட்டியான இடம், மடியும் இடம், துள்ளும் இடம் என்று மூன்றும் இருக்கின்றன.

அடுத்தது தண்ணீர். கணுக்காலிகள் கடலை விட்டுத் தரைக்கு வந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தரையில் முதல் ஆபத்து உலர்ந்துபோவது. பூச்சியின் ஓட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. அது இல்லாவிட்டால் சின்ன உடம்பிலிருக்கும் கொஞ்ச நீரும் விரைவில் ஆவியாகிவிடும். கொங்கு நாட்டு வீடுகளில் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்கள். மண் பூசிய பயறில் வண்டு விழாது என்பது பாட்டி காலத்து அறிவு. இங்கிலாந்தின் விகில்ஸ்வொர்த் 1945-இல் பூச்சியின் மேல்தோல் வழியே நீர் எப்படி வெளியேறுகிறது என்று ஆராய்ந்தபோது, நுண்ணிய தூள் மெழுகைச் சுரண்டிவிட்டால் பூச்சி வறண்டு சாவதைக் காட்டினார். சாம்பலும் செம்மண்ணும் விஷமல்ல. மெழுகைக் கெடுத்தே அவை வேலை செய்கின்றன. மருந்து கலக்காத தானியப் பாதுகாப்பு எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மெழுகு எதிரணிக்கு உதவிய கதையும் கோவையில் நடந்தது. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று பரவியது. உடல்மேல் மாவு போலப் பூத்திருக்கும் மெழுகில் தெளித்த மருந்து ஒட்டாமல் வழிந்தோடியது, தோட்டங்கள் வெளுத்துப்போயின. 2010-இல் பெங்களூரில் உள்ள மத்திய நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியை வரவழைத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. தெளிப்பானால் தாண்ட முடியாத மெழுகை அந்தக் குளவி முட்டையிடும் ஊசியால் துளைத்துவிட்டது. பூச்சியின் ஓட்டை ஊடுருவ இன்னொரு பூச்சியே வேண்டியிருந்தது.

இனி முக்கியமான விஷயம். ஓடு வளராது. உள்ளே உடல் வளரும். எனவே குறித்த இடைவெளியில் பழையதைக் கழற்றியே ஆக வேண்டும்.

நண்டு இதற்கு நாட்கணக்கில் தயாராகிறது. பழைய ஓட்டின் சுண்ணாம்பில் ஒரு பகுதியைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய ஓட்டுக்கு அடியில் புதியது மெல்லியதாக, சுருங்கி மடிந்து உருவாகிறது. கொடுக்கின் சதை அகலம், அது வெளிவர வேண்டிய கணுவோ குறுகல். அதனால் தசையே மெலிந்து சிறுக்கிறது. பிறகு முதுகு ஓட்டின் பின்விளிம்பு பிளக்க, நண்டு பின்பக்கமாக நழுவி வெளியே வருகிறது. காலும் உடலும் மட்டும் உரிவதில்லை. கண்ணின் மேல்பரப்பு, செவுள்களின் போர்வை, இரைப்பைக்குள் இரையை அரைக்கும் பற்கள் எல்லாமே கழன்று வந்துவிடும். கழற்றிப் போட்ட ஓடு முழு நண்டு போலவே கிடக்கும். நண்டு குஞ்சு பொரித்ததும் தாய் அழிந்துபோகும் என்ற நம்பிக்கை ஔவையாரின் நல்வழியில் வருகிறது. உண்மையில் அப்படி நடப்பதில்லை. நம் ஆற்று நண்டு, வயல் நண்டு வகைகளில் குஞ்சுகள் முழு நண்டு உருவத்தில் பிறந்து, தாயின் வயிற்று மடலுக்குள் கொஞ்ச நாள் தங்குகின்றன. குஞ்சு நண்டுகள் அலையும் இடத்தில் வெற்று ஓட்டையும் கண்ட யாரோ அதைத் தாயின் பிணம் என்று நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

வெளியே வந்த நண்டு கையில் எடுத்தால் துவண்டு கிடக்கும். உடனே அது நீரை உறிஞ்சி உடலை ஊத வைக்கிறது. புதிய ஓட்டின் சுருக்கம் விரிந்து முந்தையதைவிடப் பெரிதாகிறது. ஓடு மென்மையாக இருக்கும்போது எதைப் பற்றித் தசை இழுக்கும்? இந்தக் கேள்விக்கு ஜெனிஃபர் டெய்லர், வில்லியம் கியர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2003-இல் பதில் தந்தார்கள். நீல நண்டில் அழுத்தத்தோடு நிரம்பிய உடல்நீரே அந்த நேரத்தில் எலும்பாகிறது. தரை நண்டு ஒன்று குடலில் காற்றை நிரப்பியும் இதைச் சமாளிக்கிறது என்று 2006-இல் கண்டார்கள். மண்புழுவும் நீர் அழுத்தத்தால்தான் நகர்கிறது. ஓடு இல்லாத வேளையில் நண்டு அந்தப் பழைய உபாயத்துக்குத் திரும்பிவிடுகிறது.

சுண்ணாம்பு எங்கிருந்து வருவது என்பது ஆற்று நண்டுக்குப் பெரிய கவலை. கடல் நண்டைச் சுற்றிக் கால்சியம் ஏராளம், நன்னீரில் குறைவு. அதனால் உடலுக்குள் சேமித்ததை விடாமல் வைத்துக்கொள்வதோடு, கழற்றிய ஓட்டையே கடித்துத் தின்றுவிடும். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். தோலுரிக்கும் நண்டுக்கு வளையைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. கொக்கும் நரியும் மட்டுமல்ல, இன்னொரு நண்டே அதைத் தின்றுவிடும்.

கழற்றுவதில் லாபமும் இருக்கிறது. ஓட்டில் ஒட்டிக்கொண்ட பாசியும் ஒட்டுண்ணியும் அதோடு போய்விடும். பிடித்தவர் கையில் காலை விட்டுவிட்டு ஓடிய நண்டுக்கு, முறிந்த இடத்தில் மடிந்த மொட்டாகப் புதிய கால் உருவாகி, அடுத்த தோலுரிப்பில் விரியும். அந்த முறிவுகூட விபத்தல்ல. காலின் அடியில் அதற்கென்றே ஒரு கோடும், ரத்தம் வழியாமல் அடைக்கும் சவ்வும் இருக்கின்றன.

சந்தையில் கடல் நண்டு வாங்கும்போது சில நண்டுகள் கனமில்லாமல், அழுத்தினால் ஓடு அமுங்குவதாக, வேக வைத்தால் உள்ளே தண்ணீராக இருக்கும். அமாவாசை பௌர்ணமியோடு இதைச் சேர்த்துப் பேசுவது நம் வழக்கம். சதை இல்லாததற்கு நேரடிக் காரணம் அது அண்மையில் தோலுரித்தது. நீரால் ஊதிய இடத்தைச் சதை நிரப்ப நாளாகும். வெளிநாட்டுச் சந்தைக்கு இதே நிலையில் பிடிக்கும் மென் ஓட்டு நண்டு தனிச் சரக்கு. சேற்று நண்டுகளைத் தனித்தனிப் பெட்டியில் வளர்த்து, உரித்த சில மணி நேரத்துக்குள், ஓடு இறுகுவதற்கு முன் எடுத்து உறைய வைக்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தில் இந்த வேளையை மிக நன்றாக அறிந்தவர்கள் பட்டுப்புழு வளர்ப்பவர்களே. சாக்கி என்னும் இளம்புழுப் பருவத்திலிருந்து கூடு கட்டும்வரை புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு நாள் இலை தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். தாடையும் உரிகிறதே, எதைக் கொண்டு தின்னும்? அப்போது தட்டைக் கலைக்கக் கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவி ஈரத்தைக் குறைப்பார்கள். கிட்டத்தட்ட எல்லாப் புழுக்களும் எழுந்த பிறகே மறுபடி இலை போடுவார்கள். முந்தி எழுந்ததற்கு முந்தி இலை போட்டால் தட்டில் பெரிதும் சிறிதுமாகப் புழுக்கள் கலந்துவிடும், கூடும் ஒரே சீராக வராது. பொரித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புழுவின் எடை ஏறத்தாழ 10,000 மடங்காகிறது. நான்கு உரிப்பு இல்லாமல் அந்த வளர்ச்சி நடக்காது.

உரிப்பை ஏவுவது எது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் பட்டுப்புழுவிடமிருந்துதான். 1954-இல் ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்ட், பீட்டர் கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து 25 மில்லிகிராம் எக்டைசோன் ஹார்மோன் படிகத்தைப் பிரித்தார்கள். 1966-இல் கடல் சிங்கிறால் வகையிலிருந்து அதன் நெருங்கிய உறவான ஹார்மோன் பிரிக்கப்பட்டது. அதே பொருள் பூச்சிகளிலும் உண்டு. நண்டும் பட்டுப்புழுவும் ஒரே குடும்பம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நண்டில் இந்த ஹார்மோனை அடக்கி வைக்கும் சுரப்பு கண்காம்புக்குள் இருக்கிறது. கண்காம்பை நீக்கினால் நண்டு சீக்கிரம் தோலுரிக்கும் என்று 1905-லேயே செலெனி என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை வெட்டும் வழக்கம் இதே அறிவின் நீட்சி. முட்டை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பும் அங்கேதான் இருக்கிறது. பிழைப்புக்காகச் செய்வதுதான் என்றாலும் பார்க்கச் சகிக்காத வேலை.

ஓடு எவ்வளவு பெரிய உடலைத் தாங்கும்? உடல் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. ஓட்டின் குறுக்குவெட்டு நான்கு மடங்கே ஆகிறது. கடலில் நீர் தாங்குவதால் ஜப்பானியச் சிலந்தி நண்டு கால் விரித்தால் 3.7 மீட்டர்வரை போகும். தரையில் நிக்கோபார் தீவுகளிலும் காணப்படும் தேங்காய் நண்டு 4 கிலோவோடு நின்றுவிடுகிறது. உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் எழுதிய கட்டுரையில் பூச்சிகளின் அளவுக்கு மூச்சுக் குழாயையும் ஒரு தடையாகச் சொன்னார். நான் இன்னொரு காரணத்தையும் சேர்ப்பேன்: ஆட்டின் அளவுள்ள நண்டு தரையில் ஓட்டைக் கழற்றினால் தன் எடையாலேயே சரிந்துவிடும். திரைப்பட இராட்சதப் பூச்சிகளைக் கண்டு நாம் பயப்பட வேண்டியதில்லை.

ஓட்டின் பலவீனத்தைப் பயன்படுத்துவதில் பூஞ்சைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்களை ஒழிக்க எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையைக் கலப்பது இப்போது பரவலான பழக்கம். அதைப் பூச்சி தின்ன வேண்டியதில்லை. வித்து ஓட்டில் ஒட்டி முளைத்து, கைட்டினையும் புரதத்தையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளே இறங்குகிறது. துளைத்து முடிப்பதற்குள் பூச்சி தோலுரித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். இதே வகைப் பூஞ்சையான பவேரியாதான் பட்டுப்புழுவைச் சுண்ணக்கட்டி போல வெளுத்து இறுக வைக்கும் நோய்க்குக் காரணம் என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸ்ஸி 1835-இல் நிறுவினார். ஒரு நுண்ணுயிர் விலங்குக்கு நோய் தருகிறது என்பதற்குக் கிடைத்த முதல் நிரூபணம் அது. அதே பவேரியாவைக் காய்கறித் தோட்டத்துக்குப் பை பையாக வாங்குகிறோம். புழு வளர்ப்பு மனைப் பக்கம் அது வரக் கூடாது.

வேம்பும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. வேப்பங்கொட்டைச் சாற்றிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுப்பதோடு எக்டைசோன் சுரப்பையும் குலைக்கிறது. புழு உரிக்க முடியாமல் பாதியில் சிக்கிச் சாகிறது. 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் களைக்கொல்லி தேடியபோது தற்செயலாகக் கிடைத்த டைஃப்ளுபென்சூரான் நேரடியாகக் கைட்டின் உருவாவதையே தடுக்கிறது. கொசுப்புழுவை ஒழிக்க அரசு இதைப் பயன்படுத்துகிறது. லூஃபெனூரான், நோவலூரான் முட்டைக்கோசுப் புழுவுக்கும், புப்ரோஃபெசின் நெல்லின் தத்துப்பூச்சிக்கும் வந்தன. நம் உடலில் கைட்டின் இல்லாததால் மனிதருக்கு இவற்றால் ஆபத்து குறைவு, அதனால் பாதுகாப்பானவை என்று பெயர். நமக்கு அது சரி. வாய்க்கால் நண்டுக்கும் ஆற்று இறாலுக்கும் பட்டுப்புழுவுக்கும் சரியல்ல. அவையும் கைட்டின் கட்டித்தான் வாழ்கின்றன. டைஃப்ளுபென்சூரான் நண்டு, இறால் இனங்களுக்குக் கடும் நஞ்சு என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. மருந்து பட்ட அன்று நண்டு சாகாது. அடுத்த உரிப்பில் சாகும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே மருந்துக் கடையில் டப்பாவைக் கையில் வாங்கியதும் லேபிளில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன பெயர்களில் ஒன்றோ வேம்பு மருந்தோ என்றால், மல்பெரித் தோட்டத்தை நோக்கிக் காற்று வீசும்போது தெளிக்காதீர்கள். தெளித்த இலையைக் குறித்த காத்திருப்புக் காலம் முடியும்வரை புழுவுக்குப் போடாதீர்கள். கைட்டினைத் தடுக்கும் மருந்து கலந்த தெளிப்பானைப் பவானி வாய்க்காலில் கழுவவே கழுவாதீர்கள்.